கோரல் டிரா, இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப், அஃபினிட்டி: எந்த அப்டேட்டை நம்பி வேலையை ஒப்படைக்கலாம்?

வெக்டர் மென்பொருள் (எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத கோட்டு வடிவங்களை வரைவது) எதுவானாலும், புதிய பதிப்பு வெளியாகும்போது "வேகம் கூடியிருக்கிறது, முடங்குவது குறைந்திருக்கிறது" என்ற வாக்கியம் தவறாமல் வரும். அதை நம்பிச் சந்தா கட்டுவதா, பழைய பதிப்பிலேயே ஓட்டுவதா, இலவச மென்பொருளுக்கு மாறிவிடுவதா என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் விண்டோஸ் கணினியை வைத்து அழைப்பிதழ், பேனர், ஸ்டிக்கர், புத்தக அட்டை என்று பிழைப்பு நடத்துபவர்கள். நாளை காலை ஒன்பது மணிக்கு அச்சு பிளேட் போட வேண்டிய கோப்பு இன்றிரவு திறக்கவில்லை என்றால் நஷ்டம் அவர்களுக்குத்தான். ஆகவே வசதிகளின் பட்டியலை ஒதுக்கிவைத்துவிட்டு, உடையாமல் ஓடுமா என்ற ஒரு கேள்வியை மட்டும் வைத்து நான்கையும் ஒப்பிடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நிறுவனத்தின் பெயரைவிடப் பதிப்பு எண் முக்கியம். முன்னால் உள்ள பெரிய எண் மாறும்போது புதுமை வருகிறது, கூடவே புதுப் பிழைகளும் வருகின்றன. கடைசியில் இருக்கும் சின்ன எண் மாறும்போதுதான் அந்தப் பிழைகள் அடைபடுகின்றன. வேலைக்குரிய கணினியில் இருக்க வேண்டியது ஒரு பெரிய பதிப்பின் கடைசிச் சின்னத் திருத்தம். நேற்று வெளியான பெரிய பதிப்பு அல்ல.

பழைய கோரலிலேயே இருந்துவிடலாமா?

நம் ஊர் அச்சகங்களிலும் பிளக்ஸ் கடைகளிலும் கோரல் டிராதான் இன்றும் அதிகம். அதற்குக் காரணம் பழக்கம் மட்டும் இல்லை. கோரலில் பக்க அளவை 1800 அங்குலம் வரை, அதாவது 150 அடி வரை வைக்கலாம். இருபது அடி பேனரை உள்ளபடியான அளவிலேயே போடலாம். இல்லஸ்ட்ரேட்டரில் நெடுங்காலம் 227 அங்குலம்தான் எல்லை; பத்தொன்பது அடிகூட வராது. 2020-இல் வந்த 24.2 பதிப்பில்தான் அந்த எல்லை 2270 அங்குலம் ஆனது.

பழையதில் தங்குவது நியாயமா என்பது எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்தது. இங்கே ஒரு தெளிவான கோடு இருக்கிறது. 2010-இல் வந்த எக்ஸ்5 வரை கோரல் 32-பிட் மென்பொருள். கணினியில் 16 ஜிபி ராம் போட்டிருந்தாலும், 32-பிட் நிரலுக்கு விண்டோஸ் வழக்கமாகக் கொடுப்பது 2 ஜிபிதான். சிறப்பு ஏற்பாடு செய்யப்பட்ட நிரலானாலும் 4 ஜிபியைத் தாண்டாது. கடைக்காரர் ராமை இரட்டிப்பாக்கியும் பேனர் கோப்பு திறக்கும்போது "நினைவகம் போதவில்லை" என்று வருவது இதனால்தான். 2012-இல் 64-பிட் வடிவிலும் வந்த எக்ஸ்6 அந்தச் சுவரை உடைத்தது. அதே பதிப்பில்தான் எழுத்துகளைக் கையாளும் பகுதியும் மாறி, யூனிகோடு தமிழுக்குப் பயன்படும் ஓபன்டைப் எழுத்துருக்களின் மேம்பட்ட ஆதரவு வந்தது. தமிழில் தட்டச்சு செய்கிறவருக்கு இந்த இரண்டாவது மாற்றமும் முதலாவதற்குக் குறைந்ததல்ல.

எனவே எக்ஸ்5 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர் மாறியே ஆக வேண்டும். எக்ஸ்7, எக்ஸ்8, 2018 போன்ற ஒன்றை முறையாக வாங்கி, அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால், மாறச்சொல்லி நான் வற்புறுத்த மாட்டேன். புதிய கோரலில் சேமித்த சிடிஆர் கோப்பைப் பழைய கோரல் திறக்காது. அச்சகத்தில் பழைய பதிப்பு இருக்கும்போது நீங்கள் மட்டும் மேலே போனால், ஒவ்வொரு முறையும் கீழ்ப்பதிப்புக்கு மாற்றிச் சேமித்துத்தான் அனுப்ப வேண்டும். அப்படி மாற்றும்போது புதிய பதிப்பின் சில விளைவுகள் கீழே போய்ச் சேராது.

பழைய எழுத்துருக்களோடு இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினி போன்றவற்றில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. சிறிய ஜே இருக்கும் இடத்தில் "த", பெரிய ஜே இருக்கும் இடத்தில் "து". கோரலில் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தம் ஒன்று உண்டு. பல வருடங்களுக்கு முன் அதை யாரோ அணைத்து வைத்திருப்பார்கள், எல்லோரும் மறந்திருப்பார்கள். புதிய பதிப்பை நிறுவியதும் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். அங்கே அந்தத் திருத்தம் இயங்கினால் "தமிழ்" என்று அடித்தது "துமிழ்" என்று நிற்கும். புதிய பதிப்பு கெட்டது என்று சொல்லிக் கடை முழுக்கப் பழையதற்கே திரும்புவதற்கு இப்படி ஒன்று போதும். ஆனால் கோளாறு ஒரு டிக் குறியில் இருக்கிறது. கோரலைத் தொடங்கும்போது எஃப்8 விசையை அழுத்திப் பிடித்து அமைப்புகளை மீட்டவர்களுக்கும் இதே நிலை வரலாம். முடங்கும் கோரலைச் சரிசெய்ய அது நல்ல வழிதான். செய்த பிறகு இந்தத் திருத்தத்தை மறக்காமல் பார்த்துவிட வேண்டும்.

உரிமம் இல்லாத நகலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அப்படி நிறுவிய மென்பொருளில் அப்டேட் வரும் வழியையே அடைத்துவிடுகிறார்கள். ஆகவே அந்தப் பதிப்பு வெளியான முதல் நாளில் என்னென்ன பிழைகள் இருந்தனவோ அவை எல்லாம் அப்படியே தங்கிவிடுகின்றன. "இந்த வெர்ஷன் அடிக்கடி முடங்குகிறது" என்ற புகாரைக் கேட்டால், நான் முதலில் கேட்பது அந்தப் பதிப்பின் திருத்தங்களைப் போட்டிருக்கிறார்களா என்பதைத்தான். பணம் கொடுக்க முடியாதவருக்கு இன்று நேர்வழியில் கிடைக்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றுக்கு வருவேன்.

சந்தா கட்டினால் நிம்மதியா?

கோரலில் இப்போது இரண்டு வழிகள். சந்தாவில் புதுமைகளும் திருத்தங்களும் தொடர்ந்து வரும். ஒரே தொகையாக வாங்கினால் அந்தப் பதிப்புக்கான திருத்தங்கள் மட்டும். நிலைத்தன்மையை மட்டும் பார்த்தால் இரண்டாவதையே நான் விரும்புவேன். கருவி கையில் மாறாமல் இருப்பது தினசரி வேலைக்கு ஒரு பலம்.

இல்லஸ்ட்ரேட்டரில் அந்தத் தேர்வு கிடையாது. 2012-இன் சிஎஸ்6-தான் ஒரே தொகைக்கு விற்கப்பட்ட கடைசிப் பதிப்பு. 2013 முதல் சந்தா மட்டுமே. நடப்புப் பெரிய பதிப்பும் அதற்கு முந்தையதும் தவிர மற்றவற்றுக்கு உரிமை இல்லை என்று 2019-இல் அதன் நிறுவனமான அடோபி தன் சந்தாதாரர்களுக்குத் தெரிவித்தது. மூன்று வருடம் பழைய, நன்கு ஓடிய பதிப்பில் தங்குவது என்ற எண்ணமே இங்கே செல்லாது.

ஆனால் அந்த ஒரு படி பின்வாங்கும் உரிமை போதுமானது என்பது என் கருத்து. அடோபியின் மென்பொருள்களை நிறுவும் கிரியேட்டிவ் கிளவுட் செயலியில் தானியங்கி அப்டேட்டை அணைத்துவிடலாம். புதிய பெரிய பதிப்பை நிறுவும்போது "பழைய பதிப்பை நீக்கு" என்ற குறியை எடுத்துவிட்டால் இரண்டும் அருகருகே நிற்கும். அவசர வேலை பழையதில், பழகிப் பார்ப்பது புதியதில். பல பேர் இந்தக் குறியைக் கவனிக்காமலே "தொடரவும்" என்பதை அழுத்திவிடுகிறார்கள்.

வேகத்தில் இல்லஸ்ட்ரேட்டர் உண்மையாகவே முன்னேறிய இடங்கள் உண்டு. 2019 கடைசியில் வந்த 24.0 பதிப்பு முதல் சேமிப்பதும் ஏற்றுமதியும் பின்னணியில் நடக்கின்றன. பெரிய கோப்பைச் சேமித்துவிட்டுக் கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. இன்னும் பழைய காலத்திலிருந்தே இருக்கும் ஒரு குறியும் உதவும்: சேமிக்கும் பெட்டியில் "பிடிஎஃப் இணக்கமான கோப்பு" என்பதை எடுத்துவிட்டால் கோப்பு சிறிதாகும், சேமிப்பு வேகமாகும். வேறு மென்பொருளில் திறக்க வேண்டிய கோப்புக்கு மட்டும் அதைச் செய்யக் கூடாது.

இழப்பும் உண்டு. டைப் 1 என்ற பழைய வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியில் நிறுத்தியது. அந்த வகையில் பழைய எழுத்துருக்களை வைத்திருந்த நிறுவனங்களின் பழைய கோப்புகள் புதிய பதிப்பில் எழுத்துரு காணவில்லை என்றே திறக்கும். தமிழ் யூனிகோடுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. விருப்பத்தேர்வுகளில் இந்திய மொழிகளுக்கான தேர்வை இயக்கி, பத்தி அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

இங்க்ஸ்கேப்: இலவசம், ஆனால் எந்த எண்?

2003-இல் தொடங்கிய இங்க்ஸ்கேப் 1.0 என்ற எண்ணைத் தொட 2020 மே மாதம் வரை ஆனது. அதற்குப் பின் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு (இங்க்ஸ்கேப்பில் முதல் இரண்டு எண்களும் சேர்ந்தே பெரிய எண்): 2021-இல் 1.1, 2022-இல் பல பக்கங்களோடு 1.2, 2023-இல் 1.3, 2024-இல் 1.4. திரையை வரையும் வேலையை ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்டுகளுக்குப் பிரித்துக்கொடுத்தது 1.3-தான். சிக்கலான படத்தைப் பெரிதாக்கி நகர்த்தும்போது ஏற்படும் தடுமாற்றம் அதில் கண்கூடாகக் குறைந்தது. இன்னும் 0.92-ஐ வைத்துக்கொண்டு "இங்க்ஸ்கேப் மந்தம்" என்று சொல்பவர் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

நான் சின்ன எண்ணை வலியுறுத்துவதற்கு இங்கேயே சான்று இருக்கிறது. 2023 நவம்பரில் 1.3.1 வந்தது. அதே மாதத்துக்குள் 1.3.2-ஐயும் வெளியிட வேண்டியதாயிற்று. முதலாவதை வெளியான அன்றே இறக்கியவர் மறுபடியும் இறக்கினார். பத்து நாள் பொறுத்தவர் ஒரே தடவையில் நல்லதைப் பெற்றார்.

இன்னொரு கதை ஸ்டிக்கர் வெட்டுபவர்களுக்கு நன்றாகத் தெரியும். 2017-இன் 0.92 பதிப்பில் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்ற பழைய கணக்கை 96 என்று மாற்றினார்கள். வலைத்தரத்தோடு ஒத்துப்போகச் செய்த மாற்றம், தேவையானதும்கூட. ஆனால் பழைய கோப்பைத் திறக்கும்போது வரும் கேள்விப் பெட்டியில் சரியானதைத் தேர்ந்தெடுக்காவிட்டால், 100 மில்லிமீட்டர் சதுரம் 93.75 மில்லிமீட்டராகச் சுருங்கும். திரையில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. வினைலை வெட்டிக் கண்ணாடியில் ஒட்டும்போதுதான் ஓரத்தில் இடைவெளி தெரியும். மென்பொருள் முடங்கினால் உடனே தெரிந்துவிடும், இது தெரியாது. எனக்கு இந்த வகை மாற்றம்தான் அதிகக் கவலை தருகிறது.

இங்க்ஸ்கேப்பின் பெரிய சௌகரியம், நிறுவாமலே ஓட்டலாம் என்பது. தளத்தில் 7-ஜிப் கோப்பாகக் கிடைக்கும் பதிப்பை ஒரு கோப்புறையில் விரித்து வைத்தால், நிறுவப்பட்ட பழைய பதிப்புக்குச் சேதமின்றிப் புதியதைச் சோதிக்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: இரண்டும் ஒரே அமைப்புக் கோப்பைத்தான் படிக்கும், எழுதும். சோதனைக்கு முன் அந்தக் கோப்புறையை நகலெடுத்துவிடுங்கள்.

தமிழ் எழுத்துகள் இங்கே எந்தத் தனி அமைப்பும் கேட்காமல் சரியாக வருகின்றன. "கொ", "கௌ", "ஸ்ரீ" எல்லாம் அதனதன் இடத்தில் நிற்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே பள்ளி ஆசிரியர், சிற்றிதழ் நடத்துபவர், தனியாக வேலை செய்யும் ஓவியர் ஆகியோருக்கு நான் முதலில் இதையே சொல்வேன். ஆஃப்செட் அச்சுக்குத்தான் தயங்குகிறேன். 1.4 வரை இங்க்ஸ்கேப் வெளியிடும் பிடிஎஃப் ஆர்ஜிபி வண்ணத்தில்தான் (திரைக்கான சிவப்பு, பச்சை, நீலக் கலவை) வருகிறது. நான்கு வண்ணப் பிரிப்புக்கு இன்னொரு மென்பொருளின் வழியாகப் போக வேண்டும், அங்கே கறுப்பு எழுத்து நான்கு வண்ணக் கலவையாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மங்கலாக்கும் வடிகட்டிகளை நிறையப் போட்டால் இப்போதும் வேகம் குறைகிறது; வேலை முடியும்வரை வடிகட்டிகளைக் காட்டாத பார்வையில் வைத்துக்கொள்வது நல்லது.

அஃபினிட்டி

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதன் நிலை இப்போதுதான் மாறியிருக்கிறது. 2016-இல் விண்டோஸுக்கு வந்தது. 2024 மார்ச்சில் கேன்வா நிறுவனம் இதை வாங்கியது. 2025 அக்டோபர் கடைசியில் டிசைனர், போட்டோ, பப்ளிஷர் மூன்றும் ஒரே இலவசச் செயலியாயின. நான்கிலும் திரையில் மிக இலகுவாக நகர்வது இதுதான், ஆஃப்செட்டுக்கான நான்கு வண்ணமும் இதில் உண்டு. ஆனால் 2-ஆம் பதிப்பு வரை இந்திய எழுத்துகளைக் கோக்கும் வசதி இதில் இல்லை. யூனிகோடு தமிழ் கொம்பும் காலும் இடம்மாறியே வரும். புதியதில் முதலில் ஒரு தமிழ்ப் பத்தியை ஒட்டிப் பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள். புதிய செயலியின் கோப்பை 2-ஆம் பதிப்பு திறக்காது என்பதால், ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் பழைய கோப்புகளின் நகலை வைத்துக்கொண்டே மாற வேண்டும். செயலி காரணமில்லாமல் மூடிக்கொண்டால், அமைப்புகளில் வன்பொருள் முடுக்கத்தை (கிராபிக்ஸ் கார்டைக் கொண்டு வேகம் கூட்டும் வசதி) அணைத்துப் பாருங்கள். அதன் பிறகு நிலையாக ஓடினால் பழி கிராபிக்ஸ் டிரைவர் மேல்.

எந்த அப்டேட்டும் தீர்க்காதவை

மந்தம் என்ற புகாரில் பெரும்பகுதி கோப்பில் இருக்கிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம். இருபதுக்குப் பத்தடி பேனரின் பின்புலப் படத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) வைத்தால் 72,000-க்கு 36,000 பிக்சல். நான்கு வண்ணத்தில் ஒரு பிக்சலுக்கு நான்கு பைட் வீதம், அந்தப் படம் மட்டுமே நினைவகத்தில் பத்து ஜிபிக்கு மேல் கேட்கும். தூரத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு 72 டிபிஐ தாராளம். அப்போது அதே படம் 600 எம்பிக்குள் அடங்கிவிடும். பதினேழு மடங்கு வித்தியாசம். எந்த நிறுவனத்தின் எந்தப் புதிய பதிப்பும் உங்கள் கணினிக்குப் பதினேழு மடங்கு வேகம் தராது.

எழுத்துருக்களும் அப்படித்தான். ஆயிரக்கணக்கில் நிறுவி வைத்திருக்கும் கணினியில் மென்பொருள் தொடங்குவதும் எழுத்துருப் பட்டியல் விரிவதும் தாமதமாகும். நூறு போதும், மற்றவை ஒரு கோப்புறையில் இருக்கட்டும். என்விடியா கார்டு உள்ளவர்கள் விளையாட்டுக்கான டிரைவரை விட்டு ஸ்டூடியோ டிரைவரைப் போட்டுக்கொள்ளலாம். அது வடிவமைப்பு மென்பொருள்களோடு சோதித்து வெளியிடப்படுவது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது என்பதால், மென்பொருளை மாற்றத் திட்டமிடுபவர்கள் கணினி விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். கோளாறு வந்தால் எது காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது.

யாருக்கு எது?

பிளக்ஸ், ஸ்டிக்கர் கடைகளுக்கு 64-பிட் கோரல், முடிந்தால் ஒரே தொகைக்கு வாங்கியது, அதன் கடைசித் திருத்தத்தோடு. வெளியூர் நிறுவனங்களுக்கும் விளம்பர முகமைகளுக்கும் கோப்பு கொடுப்பவர்களுக்கு இல்லஸ்ட்ரேட்டர். தானியங்கி அப்டேட் அணைக்கப்பட்டு, முந்தைய பெரிய பதிப்பு அருகில் இருக்க வேண்டும். தமிழில் நிறைய எழுதி வடிவமைப்பவர், செலவு செய்ய இயலாதவர், இணையத்துக்கே பெரும்பாலும் வேலை செய்பவர் இங்க்ஸ்கேப் பக்கம் வரலாம். ஆங்கில வேலை மட்டும் செய்பவருக்கு இன்றைய அஃபினிட்டி நல்ல பேரம்.

எதைத் தேர்ந்தாலும் மாறுவதற்கு முன் உங்கள் சொந்த வேலைகளில் மூன்றை எடுத்துவைத்துச் சோதியுங்கள்: மிகக் கனமான ஒரு பேனர், முழுக்கத் தமிழ் எழுத்து நிறைந்த ஓர் அழைப்பிதழ், அளவு பிசகக் கூடாத ஒரு வெட்டுக் கோப்பு. பழையதிலும் புதியதிலும் பிடிஎஃப் எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வெட்டுக் கோப்பில் 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்றைச் சேர்த்து, வெட்டி, ஸ்கேலால் அளந்துவிடுங்கள். கோரலின் "பேக்கப் ஆஃப்" என்று தொடங்கும் கோப்புகள் எந்த இடத்தில் சேமிக்கப்படுகின்றன என்பதை முடங்கிய பிறகு தேடாமல் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். அழைப்பிதழ் அச்சடிப்பவருக்கு முகூர்த்தம் இல்லாத ஆடி மாதம் வசதி. பிளக்ஸ் கடைக்கோ ஆடியில்தான் அம்மன் கோயில் திருவிழா வேலை குவியும். காலண்டர், டைரி போடும் அச்சகம் மார்கழி முடியும்வரை எதையும் தொடக் கூடாது. உங்கள் கடையின் ஆர்டர் புத்தகத்தைப் புரட்டி, எந்த இரண்டு வாரம் வேலை மெலிந்திருக்கிறது என்று பார்த்து, அந்த நாட்களில் நிறுவுங்கள். பழைய பதிப்பை அதற்கு அடுத்த மாதமும் நீக்காமல் வைத்திருங்கள்.